டேப்பும் நோட்டும்: செட் போடவும் தயாரிப்பு நடத்தவும் கற்பது

எந்த ஸ்டுடியோ ஃப்ளோருக்குப் போனாலும் இந்தப் பேச்சு காதில் விழும். ஆர்ட் அசிஸ்டென்ட், "இன்னும் ரெண்டு நாள் ஃப்ளோர் வேணும் சார்" என்பார். மேனேஜர், "நேத்தே முடிச்சிருக்கணும்பா, நாளைக்கு ஆர்ட்டிஸ்ட் வர்றாங்க" என்பார். இருவர் சொல்வதும் நியாயம். சுவரில் பூசியது காய எத்தனை மணி நேரம் ஆகும் என்பது மேனேஜருக்குத் தெரியாது. நடிகரின் தேதி தவறினால் எத்தனை பேருடைய சம்பளமும் பேட்டாவும் வீணாகும் என்பது ஆர்ட் அசிஸ்டென்ட்டுக்குத் தெரியாது. அதனால் இந்த அத்தியாயத்தில் இரண்டு வேலைகளையும் சேர்த்தே சொல்கிறேன். பிற்பாடு நீங்கள் கலை இயக்கத்துக்குப் போகலாம், தயாரிப்பு நிர்வாகத்துக்கும் போகலாம். முதல் இரண்டு வருடம் இரண்டையும் கற்றுக்கொள்ளுங்கள்.

1987இல் வெளிவந்த 'நாயகன்' படத்தை இந்தக் கண்ணோடு ஒருமுறை பாருங்கள். அதில் தெரியும் தாராவியின் பெரும்பகுதி சென்னை வீனஸ் ஸ்டுடியோவில் தோட்டா தரணி போட்ட செட். அந்தப் படத்துக்காக அவருக்கும் ஒளிப்பதிவாளர் பி.சி.ஸ்ரீராமுக்கும் தேசிய விருது கிடைத்தது. சுவரும் வெளிச்சமும் ஒன்றாகத் திட்டமிடப்பட்டால் என்ன கிடைக்கும் என்று அதில் பார்க்கலாம். முப்பத்தோரு ஆண்டுகள் கழித்து, 2018இல் வந்த 'காலா'வுக்காகக் கலை இயக்குநர் த.ராமலிங்கம் மறுபடியும் சென்னைக்கு அருகே தாராவியை எழுப்பினார். உண்மையான தாராவி மும்பையில் இருக்கும்போது இங்கே ஏன் போட வேண்டும்? நெரிசலான சந்தில் கிரேனும் விளக்கும் நுழையாது. பெரிய நடிகர் வந்தால் கூட்டத்தை அடக்க முடியாது. இரவில் மழை விட முடியாது. ஒரு சுவரைக் கழற்றிவிட்டுக் கேமராவைப் பின்னால் தள்ள முடியாது. இந்தக் காரணங்களில் பாதி கலைத்துறைக்கு உரியவை, மீதி தயாரிப்புக்கு உரியவை. செட் போடுவதா, உண்மையான இடத்துக்கே போவதா என்ற முடிவை இரண்டு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து எடுக்க வேண்டும்.

காட்சியைப் பிரித்து எழுதுதல்

இரண்டு துறைக்கும் முதல் பாடம் ஸ்கிரிப்ட் பிரேக்டவுன். ஸ்கிரிப்ட்டைக் கதையாகப் படித்து முடித்த பிறகு, ஒவ்வொரு காட்சிக்கும் என்னென்ன தேவை என்று வரி வரியாகப் பிரித்து எழுதுவதுதான் அது. சொல்லிப் புரியவைப்பதைவிடச் செய்து காட்டுகிறேன். பயிற்சிக்காக நான் எழுதிய காட்சி இது:

காட்சி 14. உள்ளே, இரவு. ஓட்டு வீடு. வெளியே மழை. கந்தசாமி சுவரில் மாட்டியிருக்கும் அண்ணனின் படத்தைக் கழற்றித் தரையில் போட்டு உடைக்கிறார். மனைவி நனைந்தபடி வாசலில் வந்து நிற்கிறாள்.

மூன்றே வரிச் செயல். இதில் மலிவான பொருள் அந்தப் போட்டோ. அதிலிருந்தே தொடங்குவோம். படத்தில் இருப்பவர் அண்ணன். அவராக நடிப்பவர் யார்? அவரை இளம் வயது வேடத்தில், அந்தக் கால ஸ்டுடியோ திரைக்கு முன்னால் உட்காரவைத்துப் படம் எடுக்க வேண்டும். அதற்கு அவருடைய அரை நாள், மேக்கப், உடை, போட்டோகிராபர் எல்லாம் வேண்டும். அதுவும் காட்சி 14 எடுப்பதற்குச் சில வாரங்கள் முன்பே. பிரேக்டவுனில் 'அண்ணன் போட்டோ' என்று மட்டும் எழுதி நிறுத்தியவர், படப்பிடிப்பன்று காலை யாரையாவது ஃபோனில் பிடித்து வாங்கிய படத்தைச் சட்டத்தில் மாட்டுவார். அது திரையில் பளிச்சென்று தெரியும். ஒரு சாதாரண பிராப்பர்ட்டிக்குப் பின்னால் ஒரு நடிகரின் தேதி ஒளிந்திருக்கிறது. அதைக் கண்டுபிடிப்பதுதான் பிரேக்டவுன்.

அடுத்தது, உடைத்தல். ஒரே டேக்கில் முடியும் என்று எண்ணக் கூடாது. ஒரே மாதிரி சட்டம் நாலைந்து வேண்டும். கண்ணாடி உண்மையானதாக இருக்கக் கூடாது. நடிப்பவர் வெறுங்காலோடு நிற்கிறார். படத்தைக் கழற்றிய இடத்தில் சுவர் எப்படி இருக்கும்? பல வருடம் புகையும் வெயிலும் பட்ட சுவரில், படம் மறைத்திருந்த சதுரம் மட்டும் பழைய நிறத்திலேயே இருக்கும். அந்தச் சதுரத்தை முன்கூட்டியே பெயின்டர் விட்டுவைக்க வேண்டும். மேலே ஆணி, ஆணியைச் சுற்றித் துரு. இவை எல்லாம் ஆர்ட் பட்டியலுக்குப் போகும்.

இனி மழை. பின்னாலிருந்து விளக்கு அடித்தால்தான் மழை கேமராவில் தெரியும். ஆகவே வாசலுக்கு வெளியே விளக்கு வைக்க இடம் விட்டுத்தான் செட்டை நிறுத்த வேண்டும். தண்ணீர் லாரி, தண்ணீர் வடிய வழி, ஜெனரேட்டர் கேபிள் தரையில் படாமல் உயரத்தில் ஓட ஏற்பாடு வேண்டும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் நனைந்தால் ஊறிக் கொட்டும், சாதா ப்ளைவுட் உப்பும். மழை படும் பக்கத்துக்கு ஃபைபரோ சிமென்ட் பூச்சோ தேவை. அதன் விலை வேறு. மனைவி நனைந்து வருகிறாள், ஆகவே அதே சேலை பல நகல் வேண்டும். துண்டு, சூடான டீ, உடை மாற்ற மறைவான இடம் எல்லாம் தயாராக இருக்க வேண்டும். மழைச் சத்தத்தில் வசனம் சரியாகப் பதிவாகாது, டப்பிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று அன்றைக்கே குறித்துவிடுங்கள். இரவு முழுக்க வேலை என்றால் மறுநாள் கால்ஷீட் தாமதமாகத்தான் தொடங்க முடியும்.

இப்படிப் பிரித்த காட்சிகளைச் செட் வாரியாக அடுக்கும்போது இன்னொன்றும் தெரியும். படத்தை உடைத்த பிறகு அதே கூடத்தில் வரும் காட்சி 31இல் அந்தச் சுவர் வெறுமையாக இருக்க வேண்டும். ஆனால் 31ஐ முதல் நாளே எடுக்கக்கூடும். கதை வரிசையும் படப்பிடிப்பு வரிசையும் வேறாவதால், 'எந்தக் காட்சியில் கூடம் எந்த நிலையில்' என்று தனி அட்டவணை போட்டு, ஒவ்வொரு நாள் பேக்கப்பிலும் நான்கு சுவரையும் போட்டோ எடுத்துவையுங்கள்.

அளவு

பேன்ட் பாக்கெட்டில் 5 மீட்டர் டேப் எப்போதும் இருக்கட்டும். லொகேஷன் பார்க்கப் போனால் நீளம், அகலம், உயரம் எடுப்பதோடு நிற்காதீர்கள். கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, ஜன்னல் அடிக்கட்டை தரையிலிருந்து எவ்வளவு உயரம், படி எத்தனை அங்குலம், வெயில் எந்த ஜன்னல் வழியாக எந்த நேரத்தில் வருகிறது, மின்சாரம் ஒற்றை ஃபேஸா மூன்று ஃபேஸா, யூனிட் வண்டி தெருவில் திரும்புமா என்று எல்லாம் குறியுங்கள். பக்கத்துப் பள்ளிக்கூட மணி எப்போது அடிக்கும் என்பதைக்கூட நான் எழுதி வைப்பேன்.

செட்டின் அளவை லென்ஸ் தீர்மானிக்கிறது. இதைப் புரிந்துகொள்ள எளிய கணக்கு ஒன்று போதும். சூப்பர் 35 வகை சென்சாரின் அகலம் ஏறக்குறைய 25 மில்லிமீட்டர். 25 மி.மீ. லென்ஸ் போட்டால், கேமராவிலிருந்து எவ்வளவு தூரமோ அவ்வளவு அகலம் ஃப்ரேமில் விழும்: 16 அடி தூரத்தில் 16 அடி. 50 மி.மீ. போட்டால் அதில் பாதி, 8 அடி. 100 மி.மீ. என்றால் 4 அடி. அகன்ற திரைக்கான 2.39 விகிதத்தில் உயரம் வேண்டுமென்றால் அகலத்தை 2.39ஆல் வகுங்கள். 16 அடி அகலத்துக்கு ஏறக்குறைய 6.7 அடி. கேமராவைத் தரையிலிருந்து 4 அடி உயரத்தில் சாய்க்காமல் வைத்தால், 16 அடி தள்ளியிருக்கும் சுவரில் ஏறக்குறைய முக்கால் அடியிலிருந்து ஏழேகால் அடி வரைதான் தெரியும். ஏழரை அடிக்கு மேல் போட்ட ஒவ்வொரு அடியும் அந்த ஷாட்டில் வீண். அதே கேமராவைத் தரையில் வைத்து மேலே சாய்த்தால் உத்தரமும் ஓடும் வேண்டும். ஆகவே ஒளிப்பதிவாளரிடம் முதல் சந்திப்பிலேயே மூன்று கேள்விகள் கேளுங்கள்: எந்த சென்சார், அகலமான லென்ஸ் எது, கேமரா எவ்வளவு கீழே இறங்கும்? இந்த மூன்று பதில்களும் தச்சுச் செலவைப் பெரிய அளவில் மாற்றும். முழு ஃப்ரேம் கேமரா என்றால் 25க்குப் பதில் 36 என்று வைத்து இதே கணக்கைப் போடலாம்.

நம் ஊர் ஓட்டு வீட்டு அறை பத்துக்குப் பன்னிரண்டு அடி இருந்தால் அதிகம். அதில் 16 அடி தள்ளிக் கேமரா வைக்க வழியில்லை. அதனால் செட்டில் அறையைச் சற்றுப் பெரிதாக்குவதும், ஒரு சுவரைக் கழற்றி மாட்டும்படி செய்வதும் வழக்கம். அறையைப் பெரிதாக்கலாம், கதவு, ஜன்னல், கட்டில், திண்ணை உயரத்தைத் தொடாதீர்கள். மனிதர்களின் உடம்புக்குப் பொருந்தும் அளவு மாறினால், என்ன தவறு என்று சொல்லத் தெரியாவிட்டாலும் பார்ப்பவருக்கு உறுத்தும்.

வரைபடத்தைக் கால் அங்குலத்துக்கு ஒரு அடி என்ற அளவில் கிராஃப் தாளில் போடுங்கள். ஸ்கெட்ச்சப் போன்ற மென்பொருளைப் பிறகு கற்கலாம். கையால் வரையாதவருக்கு அதில் போடும் எண்கள் வெறும் எண்களாகவே இருக்கும். ப்ளைவுட் ஷீட் எட்டுக்கு நாலு அடி. சுவரை நாலடியின் மடங்கில் பிரித்தால் வெட்டுத்துண்டு மிஞ்சாது. தச்சருக்கு நேரமும் மிச்சம். வரைபடம் இல்லாமல் வாயால் சொல்லியே செட் எழுப்பும் கைதேர்ந்த மேஸ்திரிகள் நம்மிடம் இருக்கிறார்கள். அவர்கள் அறிவு பெரியது, பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் வரைபடம் இல்லாவிட்டால் மேனேஜரால் செலவைக் கணிக்க முடியாது, ஒளிப்பதிவாளரால் விளக்கைத் திட்டமிட முடியாது. மாறுதல் எல்லாம் சுவர் நின்ற பிறகுதான் வரும், அப்போது அதற்கு இரண்டு மடங்கு கூலி.

சுவருக்கு வயது ஏற்றுதல்

புதிதாக அடித்த சுவரைப் பழையதாக்கும் வேலையில்தான் பழகுநர்கள் அதிகம் அவசரப்படுகிறார்கள். கறுப்பையும் காவியையும் கலந்து எங்கும் தெளித்துவிட்டால் சுவர் அழுக்காகும், பழையதாகாது. ஒரு வீடு எங்கெங்கே எப்படித் தேய்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். சுவிட்சைச் சுற்றிக் கை படும் வட்டம், வாசல் நிலையில் தோள் உயரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு, பெஞ்சில் சாய்ந்தவர்களின் தலை படும் உயரத்தில் ஒரு வரிசைக் கறை. ஜன்னல் கட்டைக்குக் கீழே மழைநீர் வழிந்த கோடு. தரையை ஒட்டி ஓரடிக்கு ஈரம் ஏறி உப்புப் பூத்த பட்டை. அடுப்படியில் மேல்பாதி கறுப்பு, கீழ்பாதி வெளுப்பு. ஒவ்வொரு கறைக்கும் அந்த வீட்டில் ஒரு ஆள் காரணமாக இருப்பார். கதாபாத்திரத்தைத் தெரியாமல் கறை போட முடியாது என்பதால்தான் இதைப் பெயின்ட் வேலை என்று நான் சொல்வதில்லை. ஸ்கிரிப்ட் வேலை என்கிறேன்.

பளீர் வெள்ளை வேண்டாம். விளக்கு பட்டால் நடிகரின் முகத்தைவிடச் சுவர் எடுப்பாகத் தெரியும். வெள்ளை வீடு என்று கதையில் இருந்தாலும் சாம்பலோ மஞ்சளோ துளி கலந்து இறக்குவதே நல்லது. நிறத்தைத் தேர்ந்ததும் இரண்டடி அட்டையில் அடித்து, படத்துக்கான கேமராவிலேயே பார்த்துவிடுங்கள்.

காலம் சார்ந்த கதை என்றால் எழுத்துகளில் கவனம் வேண்டும். 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்துவதற்கு முன், 'லை', 'னை', 'ணை', 'றா', 'ணா' போன்ற எழுத்துகளுக்கு வேறு வடிவம் இருந்தது. 1965இல் நடக்கும் கதையில் 'சலவை நிலையம்' என்ற பலகையைக் கம்ப்யூட்டரில் அச்சடித்து மாட்டினால், 'லை' என்ற ஒரே எழுத்து காட்சியைக் காட்டிக்கொடுத்துவிடும். பழைய சினிமா போஸ்டர், கல்யாணப் பத்திரிகை, பஞ்சாங்கம் ஆகியவற்றைப் பார்த்துப் பெயின்டரைக் கையால் எழுதச் சொல்லுங்கள். ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண் வந்தது 1972 ஆகஸ்ட்டில். அதற்கு முந்தைய கடைப் பலகையில் அது இருக்கக் கூடாது. 1969 ஜனவரிக்கு முன் மாநிலத்தின் அதிகாரப்பூர்வப் பெயர் தமிழ்நாடு இல்லை, ஆகவே அரசு ஆவணம் காட்டும் காட்சியில் முத்திரையைச் சரிபாருங்கள். வண்ணத் தொலைக்காட்சி 1982இல், ரூபாய்க் குறியீடு 2010இல். இப்படி ஒரு பட்டியலை உங்கள் நோட்டின் கடைசிப் பக்கங்களில் வளர்த்துக்கொண்டே வாருங்கள். பழைய பொருள்களுக்கு வடபழனி, சாலிகிராமம் பகுதி வாடகைக் கடைகள் கைகொடுக்கும். செட்டிநாட்டுச் சாமான்களுக்குக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு ஒருமுறை போய், எது எங்கே கிடைக்கும் என்று சும்மாவேனும் பார்த்து வாருங்கள்.

தேதியும் பணமும்

செட் செலவு என்றதும் பலகை, பெயின்ட், கூலி என்றுதான் புதியவர்கள் எழுதுவார்கள். ஃப்ளோர் வாடகையை மறந்துவிடுவார்கள். உதாரணத்துக்கு, ஒரு வீட்டு செட் எழுப்ப 12 நாள், படப்பிடிப்பு 5 நாள், பிரிக்க 2 நாள் என்று வையுங்கள். வாடகை 19 நாளுக்கு. கேமரா ஓடுவது ஐந்தே நாள். இந்தக் கணக்கு எழுதப்பட்ட தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, உண்மையான வீட்டை வாடகைக்கு எடுத்தால் என்ன ஆகும் என்று இன்னொரு தாள் போடுங்கள்: வீட்டு வாடகை, யூனிட் பயணம், தங்கும் செலவு, மழை வந்தால் இழக்கும் நாள், சேதத்துக்கு ஈடு. அந்த வீட்டில் எடுக்க வேண்டிய காட்சிகள் குறைவென்றால் பெரும்பாலும் வீடே லாபம். காட்சிகள் கூடக்கூட, அதிலும் இரவும் மழையும் சண்டையும் வந்தால், செட் பக்கம் தராசு சாயும்.

ஷெட்யூல் போடும்போது இடம் வாரியாக அடுக்குங்கள். பிறகு நடிகர் தேதியைப் பொருத்துங்கள். அதன் மேல் பருவத்தை வையுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை தமிழகக் கடற்கரை மாவட்டங்களில் வெளிப்புறப் படப்பிடிப்பு வைத்தால், மழை வந்தவுடன் அதே நடிகர்களை வைத்து எடுக்க ஒரு உள்ளரங்கக் காட்சியும் அதற்கான செட்டும் தயாராக இருக்க வேண்டும். அந்தச் செட்டை முதல் நாளே முடித்துத் தருவது ஆர்ட் துறையின் கடமை.

கைச்செலவுக்குப் பணம் வாங்கினால் அன்றன்றே கணக்கு எழுதுங்கள். பில் இல்லாத சிறு செலவுக்கு வவுச்சரில் கையெழுத்து வாங்குங்கள். நம்பிக்கையானவர் என்ற பெயர் இந்தத் தொழிலில் பெயர் தெரிந்தவர்களுக்குக்கூட வேலை இல்லாத மாதங்களில் வேலை வாங்கித்தரும்.

அனுமதிகளில் இரண்டைக் கண்டிப்பாக மனப்பாடமாக வைத்திருங்கள். குழந்தைகள் நடித்தால், 2017இல் திருத்தப்பட்ட மத்திய விதிகளின்படி மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, இடைவேளை இல்லாமல் மூன்று மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. அவர்கள் வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் அவர்கள் பெயரில் வைப்புத்தொகையாகப் போக வேண்டும். விலங்குகளைப் பயன்படுத்தினால், ஒரு காட்சியில் கடந்து போகும் மாடாக இருந்தாலும், விலங்குகள் நல வாரியத்திடம் முன்னனுமதி பெற வேண்டும்.

பாதுகாப்பை நான் கடைசிப் பத்தியாக ஒதுக்க விரும்பவில்லை, ஷெட்யூலோடு சேர்த்தே சொல்கிறேன். ஏனென்றால் விபத்துகள் அவசர ஷெட்யூலில் பிறக்கின்றன. 2020 பிப்ரவரியில் சென்னையை அடுத்த ஒரு படப்பிடிப்புத் தளத்தில் கிரேன் சாய்ந்து மூன்று பேர் இறந்தார்கள். அவர்களில் உதவி இயக்குநரும் இருந்தார். உங்களைப் போலக் கற்றுக்கொண்டிருக்கும் வயதுக்காரர்கள் வேலை செய்யும் இடம் அது. சவுக்குக் கட்டை முட்டுகள் ஒவ்வொன்றையும் காலையில் கையால் ஆட்டிப் பாருங்கள். பெயின்ட், தின்னர், தெர்மோகோல் இருக்கும் இடத்தில் விளக்கைச் சுவரிலிருந்து தள்ளி வைக்கச் சொல்லுங்கள். தீயணைப்பான் எங்கே இருக்கிறது என்று உங்களுக்கும் லைட்மேன்களுக்கும் தெரிந்திருக்கட்டும். செட்டுக்குப் பின்னால் இரண்டு ஆள் ஓடும் அகலத்துக்கு வழி விட்டு வரையுங்கள், அந்த வழியில் யாரும் சாமான் அடுக்க விடாதீர்கள். "இன்னைக்கு இதில் ஏற முடியாது சார்" என்று சொல்லும் உரிமை மிகச் சின்ன அசிஸ்டென்ட்டுக்கும் உண்டு.

சின்னத்திரையில்

சீரியலில் வேகமே வேறு. வாரத்துக்கு ஐந்தாறு எபிசோடு போக வேண்டும். ஒரே வீடு ஆண்டுக்கணக்கில் திரையில் இருக்கும். அதனால் பெரும்பாலும் வாடகை வீட்டையே எடுத்து, கூடத்தில் விளக்கு வைக்க நிரந்தர ஏற்பாடு செய்துகொள்கிறார்கள். இங்கே ஆர்ட் அசிஸ்டென்ட்டின் திறமை தொடர்ச்சியைக் காப்பதில் இருக்கிறது: காலண்டர் தேதி, பூஜை அறைப் பூ, கல்யாணத்துக்குப் பிறகு கூடத்தில் புதிதாக வந்த படம். தயாரிப்பு நிர்வாகிக்குக் கையிருப்பு எபிசோடுதான் உயிர். நடிகருக்குக் காய்ச்சல் வந்தாலும் ஒளிபரப்பு நிற்காது என்பதால், எத்தனை எபிசோடு முடிந்து கையில் இருக்கிறது என்பதை அவர் தினமும் பார்ப்பார். புதியவர்களுக்கு நான் சீரியலைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். அங்கே ஆறு மாதத்தில் கையாளும் காட்சிகளின் எண்ணிக்கை சினிமாவில் பல வருடம் ஆனாலும் வராது.

எங்கே கற்பது

புனே திரைப்பட, தொலைக்காட்சிக் கல்லூரியில் கலை இயக்கத்துக்கும் தயாரிப்பு வடிவமைப்புக்கும் தனிப் படிப்பு இருக்கிறது. கொல்கத்தாவின் சத்யஜித் ரே நிறுவனத்தில் தயாரிப்புக்குத் தனித் துறை உண்டு. இரண்டிலும் நுழைவுத் தேர்வு வழியாகத்தான் சேர முடியும். ஓவியத்தில் பிடிப்பு உள்ளவர்கள் 1850இல் தொடங்கப்பட்ட சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியையோ கும்பகோணம் கல்லூரியையோ பார்க்கலாம். 'பாரதி' படத்துக்குத் தேசிய விருது பெற்ற பி.கிருஷ்ணமூர்த்தி சென்னைக் கல்லூரியில் படித்தவர். கட்டடக்கலை படித்தவர்களும் இந்தத் துறைக்கு எளிதில் பழகிக்கொள்கிறார்கள். படிப்பு இல்லாமல் உதவியாளராகச் சேர்ந்து உயர்ந்தவர்கள் ஏராளம். எந்த வழியில் வந்தாலும், தொடர்ந்து வேலை செய்யத் தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர் சம்மேளனமான பெப்சியில் அடங்கிய உங்கள் துறைச் சங்கத்தில் உறுப்பினராக வேண்டியிருக்கும். அதன் விதிகளையும் கட்டணத்தையும் சங்க அலுவலகத்தில் நேரடியாகக் கேட்டுக்கொள்ளுங்கள், இடைத்தரகரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

வாய்ப்புக் கேட்டுப் போகும்போது கோப்பில் அழகான ஓவியங்கள் மட்டும் இருந்தால் போதாது. உங்கள் தெருவில் உள்ள ஒரு வீட்டை அளந்து போட்ட தரைப்படம், அதே வீட்டுக்குக் கால் அங்குல அளவில் அட்டையில் செய்த மாதிரி, உங்களுக்குப் பிடித்த ஒரு படத்தின் பத்துக் காட்சிகளுக்கான பிரேக்டவுன், அந்தக் காட்சிகளின் செட்டுக்கு இன்றைய கடை விலையில் போட்ட செலவுக் கணக்கு ஆகிய நான்கையும் வையுங்கள். விலைகளைத் தொலைபேசியில் கேட்காமல் மரக்கடைக்கும் பெயின்ட் கடைக்கும் நடந்துபோய் விசாரியுங்கள். நண்பர்களின் குறும்படம் ஒன்றில் தயாரிப்பு நிர்வாகத்தைக் கேட்டு வாங்கிச் செய்துவிட்டு, திட்டமிட்ட செலவையும் ஆன செலவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிய தாளையும் சேருங்கள்.

சேர்ந்த புதிதில் யாரும் வரையச் சொல்லமாட்டார்கள். வாடகைக் கடையிலிருந்து சாமான் ஏற்றிவரவும் திருப்பி விடவும் அனுப்புவார்கள். ஏற்றும்போது ஒவ்வொரு பொருளையும் போட்டோ எடுத்து, ஏற்கெனவே உள்ள உடைசலைக் கடைக்காரர் முன்னாலேயே பட்டியலில் குறியுங்கள். திருப்பிக் கொடுத்ததும் தேதியோடு கையெழுத்து வாங்கி, அதன் நகலை அன்றே மேனேஜரிடம் சேர்த்துவிடுங்கள். அந்தத் தேதி வரைக்கும்தான் வாடகை கணக்காகும்.